கையெழுத்திடாதவர்களின் வழக்கு

2005ஆம் ஆண்டு மே மாதம், வங்கதேசத்தின் எரிசக்தித் துறை இணையமைச்சராக இருந்த ஏ.கே.எம். மொஷாரஃப் ஹுசைனுக்கு ஒரு டொயோட்டா லேண்ட் குரூசர் வண்டி வந்து சேர்ந்தது. கனடா டாலரில் அதன் மதிப்பு 1,90,984. அதையடுத்து, கனடாவின் கால்கரி நகரில் நடந்த எண்ணெய், எரிவாயுக் கண்காட்சிக்குச் சென்ற அவர் அங்கிருந்து அமெரிக்காவில் இருந்த உறவினர்களையும் பார்த்துவருவதற்கான செலவுக்கு ஏறத்தாழ 5,000 டாலர் கொடுக்கப்பட்டது. கொடுத்தது நைகோ ரிசோர்சஸ் என்ற கனடா நிறுவனம். கிருஷ்ணா-கோதாவரிப் படுகையின் டி6 எரிவாயு வயலில் ரிலையன்ஸுடன் 10 விழுக்காடு பங்கு வைத்திருந்த நிறுவனம் என்று சொன்னால், நம்மூர் நாளிதழ்களின் வணிகப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு இந்தப் பெயர் நினைவுக்கு வரலாம்.

வண்டி வருவதற்கு நான்கு மாதங்களுக்கு முன்பு, ஜனவரி 7 அன்று, சுனாம்கஞ்ச் மாவட்டத்தின் டெங்ராடிலா என்ற கிராமத்தை ஒட்டி, சாதக் எரிவாயு வயலில் நைகோ தோண்டிக்கொண்டிருந்த எரிவாயுக் கிணறு வெடித்துத் தீப்பற்றியது. அதைக் கட்டுப்படுத்துவதற்காகப் பக்கத்தில் தோண்டப்பட்ட இரண்டாவது கிணறும் ஜூன் 24 அன்று வெடித்தது. மக்கள் வீடுகளை விட்டு ஓடினார்கள். வயலும் குளமும் மரங்களும் பாழாயின. பல ஆண்டுகள் கழித்துச் சென்று பார்த்த செய்தியாளர்கள்கூட, குளத்து நீரிலும் வீட்டு முற்றத்து ஈரமண்ணிலும் வாயு குமிழ்விட்டுக்கொண்டிருப்பதைப் பதிவு செய்திருக்கிறார்கள். வண்டி விவகாரம் டாக்கா நாளிதழ்களில் வெளிவந்ததும், இரண்டாவது வெடிப்புக்குச் சில நாட்களுக்கு முன்பாக, அமைச்சர் பதவி விலகினார்.

எதற்காக அந்த வண்டி? இதை நாம் ஊகிக்க வேண்டியதில்லை. 2011 ஜூனில் கால்கரி நீதிமன்றத்தில் நைகோ குற்றத்தை ஒப்புக்கொண்டபோது அரசுத் தரப்பும் நிறுவனமும் சேர்ந்து தாக்கல் செய்த உண்மை அறிக்கை அதைச் சொல்கிறது. எரிவாயுக் கொள்முதல் ஒப்பந்தம் தனக்கு ஏற்றபடி அமைய வேண்டும் என்பது ஒரு நோக்கம்; கிணறு வெடிப்புக்கான இழப்பீட்டுக் கோரிக்கைகளில் தன்னை 'நியாயமாக' நடத்த வேண்டும் என்பது மற்றொன்று. அதாவது, டெங்ராடிலா மக்களுக்குச் சேர வேண்டிய இழப்பீட்டின் மீதே அந்த லஞ்சம் குறி வைத்திருந்தது. ஊழலால் பாதிக்கப்பட்ட சமூகம் என்று பொதுவாகச் சொல்லும்போது, லஞ்சத்துக்கும் பாதிப்புக்கும் இடையே நீண்ட, மங்கலான சங்கிலிதான் பெரும்பாலும் இருக்கும். இங்கே சங்கிலி அவ்வளவு நீளமில்லை. ஆனாலும் அதே அறிக்கையில் இன்னொரு வாசகமும் இருக்கிறது: கொடுத்ததற்கு ஈடாக நிறுவனத்துக்கு ஏதேனும் சலுகை கிடைத்தது என்று அரசுத் தரப்பால் நிரூபிக்க இயலவில்லை. பின்னால் வரப்போகும் கதை முழுவதற்கும் இந்த வாசகம் முக்கியம்.

கால்கரி நீதிமன்றம் விதித்த அபராதம் 82.6 லட்சம் கனடா டாலர். அதன்மேல் 15 விழுக்காடு, அதாவது 12.39 லட்சம் டாலர், 'பாதிக்கப்பட்டோருக்கான கூடுதல் கட்டணம்' என்ற பெயரில் சேர்க்கப்பட்டது. ஆக மொத்தம் 94.99 லட்சம். பெயரைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. அந்தக் கட்டணம், கனடா குற்றவியல் சட்டப்படி, தண்டனை விதிக்கப்பட்ட மாகாணத்தில் குற்றங்களால் பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவுவதற்கானது. சுனாம்கஞ்சில் நடந்த தீங்கின் பேரில் வசூலான பணம் ஆல்பெர்ட்டா மாகாணத்துக்குப் போனது.

அப்படியானால் டெங்ராடிலா மக்கள் எங்கே போய் முறையிடுவது? அவர்களுடைய இழப்பைப் பற்றிய மிக நீண்ட, மிகச் செலவான விசாரணை நடந்த இடம் ஒரு பன்னாட்டு நடுவர் தீர்ப்பாயம். அங்கே அவர்களுக்கு நாற்காலி இல்லை. ஏன் இல்லை என்பதை விளங்கிக்கொள்ள, நடுவர் தீர்ப்பு என்ற ஏற்பாட்டின் அடித்தளத்தைப் பார்க்க வேண்டும்.

நீதிமன்றத்தின் அதிகாரம் அரசிடமிருந்து வருகிறது. நடுவரின் அதிகாரமோ, தகராறு வந்தால் இன்னாரிடம் போவோம் என்று இரு தரப்பும் முன்கூட்டியே செய்துகொள்ளும் உடன்பாட்டிலிருந்து வருகிறது. நம் சட்டத் தமிழில் இதற்கு 'இசைவுத் தீர்ப்பு' என்று ஒரு பெயர் உண்டு. அன்றாடப் பேச்சில் புழங்காவிட்டாலும் பொருளைச் சரியாகப் பிடித்த சொல் அது. இசைந்தவர் மட்டுமே வாதி, இசைந்தவர் மட்டுமே பிரதிவாதி. ஊர்ப் பஞ்சாயத்தோடு இதை ஒப்பிடுவோர் உண்டு. அந்தப் பஞ்சாயத்தில் எல்லாத் தெருக்காரர்களுக்கும் பேச இடம் கிடைத்ததில்லை என்பது வேறு விஷயம், ஆனால் அங்கே ஒதுக்கிவைத்தது சாதி. இங்கே ஒதுக்கிவைப்பது கையெழுத்து. இப்படிப் பிறந்த தீர்ப்பை 1958ஆம் ஆண்டின் நியூயார்க் உடன்படிக்கையின்படி நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளின் நீதிமன்றங்கள் நிறைவேற்றித் தரும். எந்த நாட்டு நீதிமன்றத் தீர்ப்புக்கும் இல்லாத வீச்சு இது. நிறுவனங்கள் இதை நாடுவதற்கும், பாதிக்கப்பட்டவர்களின் வழக்கறிஞர்கள் இதை ஏக்கத்தோடு பார்ப்பதற்கும் காரணம் அதுதான்.

சாதக், ஃபெனி ஆகிய எரிவாயு வயல்களுக்காக 2003 அக்டோபர் 16 அன்று கையெழுத்தான கூட்டு ஒப்பந்தத்தில் இருந்தவை இரண்டு தரப்புகள்: நைகோவின் வங்கதேசக் கிளை நிறுவனம் ஒன்று, அரசு நிறுவனமான பாபெக்ஸ் மற்றொன்று. 2006 டிசம்பரில் கையெழுத்தான ஃபெனி வயலின் எரிவாயுக் கொள்முதல் ஒப்பந்தத்தில், அரசின் எண்ணெய், எரிவாயு நிறுவனமான பெட்ரோபாங்ளாவும் வந்தது. தகராறு வந்தால் வாஷிங்டனில் உலக வங்கிக் குழுமத்தின் பகுதியாக இயங்கும் முதலீட்டுத் தகராறுகளுக்கான பன்னாட்டு மையத்துக்கு, சுருக்கமாக இக்சிட் என்பார்கள், போவது என்று ஒப்பந்தங்கள் கூறின. அங்கே ஒரு மனுவைப் பதிவு செய்வதற்கான கட்டணம் மட்டும் 25,000 அமெரிக்க டாலர்; நடுவர்களின் ஊதியமும் வழக்கறிஞர் செலவும் அதற்குப் பிறகு.

2010இல் அந்தக் கதவைத் தட்டியது வங்கதேசம் அல்ல, நைகோ. இரண்டு மனுக்கள். ஒன்றில், தான் கொடுத்த ஃபெனி எரிவாயுவுக்கு வர வேண்டிய பாக்கியைக் கேட்டது. மற்றொன்றில், கிணறு வெடிப்புகளுக்குத் தான் பொறுப்பில்லை என்று அறிவிக்கக் கேட்டது. இழப்பு ஏற்படுத்தியதாகக் குற்றம் சாட்டப்பட்டவரே முந்திக்கொண்டு போய் 'எனக்குப் பொறுப்பில்லை என்று எழுதிக் கொடுங்கள்' என்று கேட்பது விந்தையாகத் தோன்றலாம். ஆனால் அதற்கு ஒரு காரணம் இருந்தது. வங்கதேசச் சுற்றுச்சூழல் வழக்கறிஞர்கள் சங்கம் தொடுத்த பொதுநல வழக்கில், இழப்பீட்டுப் பிரச்சினை தீரும்வரை நைகோவுக்குப் பணம் தரக் கூடாது என்று டாக்கா உயர்நீதிமன்றம் தடை விதித்திருந்தது. 746.5 கோடி டாக்கா (அந்நாட்டு நாணயத்தின் பெயரும் டாக்காதான்) இழப்பீடு கேட்டு அரசுத் தரப்பு 2008இல் டாக்கா மாவட்ட நீதிமன்றத்தில் உரிமையியல் வழக்கும் போட்டிருந்தது. இந்த விவகாரத்தில் நிறுவனத்தின் மடியில் கைவைத்த ஒரே நடவடிக்கை அந்தத் தடை என்பது என் கணிப்பு. அதைப் பெற்றுத் தந்தது அரசு அல்ல. எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்திடாத ஓர் அமைப்பு.

மைக்கேல் ஷ்னைடர் தலைமையில் ஜான் போல்சன், காம்ப்பெல் மக்லாக்லன் ஆகியோர் அமர்ந்த தீர்ப்பாயம் 2013 ஆகஸ்டில் தன் அதிகார வரம்பைப் பற்றி முடிவு சொன்னது. லஞ்சம் கொடுத்த நிறுவனத்தின் வழக்கைக் கேட்கவே கூடாது என்ற வாதத்தை அது ஏற்கவில்லை. கனடாவில் ஒப்புக்கொண்ட குற்றம் 2005இல் நடந்தது. கூட்டு ஒப்பந்தமோ 2003இல் முடிந்துவிட்டது. கொள்முதல் ஒப்பந்தம் கையெழுத்தானபோது அந்த அமைச்சர் பதவி விலகி ஒன்றரை ஆண்டு ஆகியிருந்தது. ஆகவே வண்டிக்கும் ஒப்பந்தங்களுக்கும் இடையே காரண காரியத் தொடர்பு நிறுவப்படவில்லை என்பது தீர்ப்பாயத்தின் தர்க்கம். கால்கரி அறிக்கையின் அந்த ஒற்றை வாசகம் எவ்வளவு தூரம் பயணம் செய்தது என்பதை இங்கே காணலாம். அதே முடிவில், வங்கதேச அரசு ஒப்பந்தத் தரப்பு அல்ல என்பதால் அரசையே வழக்கிலிருந்து தீர்ப்பாயம் விலக்கியது. இசைவு என்ற கோட்பாடு அவ்வளவு கறாரானது: நாட்டின் அரசுக்கே வாசலில் நிற்க வேண்டி வந்த இடத்தில் ஒரு கிராமத்துக்கு என்ன இடம் கிடைக்கும்? 2014இல், ஃபெனி எரிவாயுவுக்காக 2.5 கோடி டாலருக்கும் சற்றுக் கூடுதலாகவும், அதோடு வங்கதேச நாணயத்தில் ஏறத்தாழ 14 கோடி டாக்காவும் நைகோவுக்குச் சேர வேண்டும் என்று முடிவானது.

அதன்பிறகு நடந்தவை இரண்டு நீதி உலகங்கள் ஒன்றையொன்று பார்க்காமல் கடந்துபோன கதை. வங்கதேச நுகர்வோர் சங்கத்தின் எரிசக்தி ஆலோசகர் தொடுத்த வழக்கில், இரு ஒப்பந்தங்களும் ஊழலின் மூலம் பெறப்பட்டவை, ஆகவே செல்லாதவை என்று டாக்கா உயர்நீதிமன்றம் 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்தது. பாதிப்புக்கான இழப்பீடு கிடைக்கும்வரை நைகோவின் சொத்துகளை அரசு வைத்திருக்க வேண்டும் என்றும் சொன்னது. கனடா காவல்துறை திரட்டிய புலனாய்வு ஆவணங்கள் உட்படப் புதிய சான்றுகளோடு பாபெக்ஸும் பெட்ரோபாங்ளாவும் தீர்ப்பாயத்தை மறுபடி நாடின. 2019 பிப்ரவரியில் தீர்ப்பாயம், ஒப்பந்தங்கள் ஊழலால் பெறப்பட்டவை என்று நிறுவப்படவில்லை என்று முடிவு செய்தது. ஒரே ஒப்பந்தம் டாக்காவில் ஊழலின் விளைவு. தீர்ப்பாயத்தில் ஊழல் கலவாதது. எது சரி என்று தீர்ப்புச் சொல்வது இக்கட்டுரையின் வேலையல்ல. ஆனால் நடுவர்களால் யாருடைய வீட்டையும் சோதனையிட முடியாது, வங்கிக் கணக்கை முடக்க முடியாது, சாட்சியைக் கட்டாயப்படுத்தி அழைத்துவர முடியாது என்பதையும், ஊழலை நிறுவுவதற்குத் 'தெளிவான, நம்பவைக்கும்' சான்று வேண்டும் என்றே பல தீர்ப்பாயங்கள் எதிர்பார்க்கின்றன என்பதையும் சேர்த்துப் பார்த்தால், ரசீது போட்டுக்கொள்ளாத ஒரு குற்றத்தை அங்கே நிரூபிப்பது எவ்வளவு கடினம் என்பது விளங்கும்.

ஒரு ஆண்டு கழித்து, 2020 பிப்ரவரி 28 அன்று, வெடிப்புகளுக்கு நைகோவின் கவனக்குறைவே காரணம் என்றும் அது ஒப்பந்தக் கடமையை மீறியது என்றும் அதே தீர்ப்பாயம் கூறியது. பொறுப்பை நிலைநாட்டிய அந்த முடிவு, தொகையைக் கணக்கிடுவதை அடுத்த கட்டத்துக்கு விட்டது. வங்கதேசத்தில் இது வெற்றியாக அறிவிக்கப்பட்டது, வெற்றிதான். ஆனால் அந்தத் தொகைக்கு உரிமையாளர் ஒப்பந்தத்தின் மறு தரப்பு. எரிந்துபோன வாயுவின் விலை முதல் சுற்றுப்புறச் சேதம் வரை எல்லாமே அந்தத் தரப்பின் கணக்கில்தான் வரவு வைக்கப்படும். அதிலிருந்து கிராமத்துக்கு எவ்வளவு, யாருக்கு, எந்த அடிப்படையில் என்று கட்டளையிடும் அதிகாரம் தீர்ப்பாயத்துக்குக் கிடையாது. அப்படி ஒரு கோரிக்கையோடு அதன் முன் யாரும் நிற்கவும் இல்லை.

நைகோ வழக்கில் ஊழல் நிறுவப்படவில்லை. நிறுவப்பட்டால் மட்டும் பாதிக்கப்பட்டவர்களுக்கு ஏதாவது கிடைக்குமா? இதற்கு விடை கென்யாவின் வழக்கில் இருக்கிறது. வேர்ல்டு டியூட்டி ஃப்ரீ என்ற நிறுவனம் 1989இல் நைரோபி, மொம்பாசா விமான நிலையங்களில் தீர்வையற்ற கடைகள் நடத்த ஒப்பந்தம் பெற்றது. பிறகு அது பறிக்கப்பட்டதாகச் சொல்லி இக்சிட்டுக்குப் போனது. அந்த விசாரணையில் நிறுவனத்தின் தலைவர் தாமே எழுதிக் கொடுத்தார்: ஒப்பந்தத்தைப் பெறுவதற்காக அதிபர் டேனியல் அராப் மோய்க்கு 20 லட்சம் டாலர் கொடுத்தேன். அதிபரின் இல்லத்தில் பணப்பெட்டியைச் சுவரோரம் வைத்துவிட்டு உள்ளே பேசப் போனதையும், திரும்பி வந்து எடுத்தபோது பணம் இருந்த இடத்தில் புதுச் சோளக்கதிர்கள் இருந்ததையும் அவர் விவரிக்கிறார். நாட்டு வழக்கப்படியான நன்கொடை அது என்பது அவருடைய நினைப்பு. கில்பர்ட் கில்லோம் தலைமையிலான தீர்ப்பாயம் 2006 அக்டோபர் 4 அன்று, லஞ்சத்தால் பெற்ற ஒப்பந்தத்தை வைத்து எந்த நிவாரணமும் கேட்க முடியாது என்று வழக்கைத் தள்ளியது.

லஞ்சம் வாங்கியது நாட்டின் தலைவர். தப்பித்தது அந்த நாட்டின் கருவூலம். இந்த முரண்பாடு நடுவர்களையும் உறுத்தியிருக்கிறது. மோய் மீது கென்யா வழக்குத் தொடரவில்லை, பணத்தை மீட்க முயலவும் இல்லை என்பதை அவர்கள் குறிப்பிடுகிறார்கள். இருந்தும், சட்டம் இங்கே காப்பாற்றுவது வழக்காடும் தரப்பை அல்ல, பொதுமக்களை, உலகின் மிக ஏழை நாடுகளில் ஒன்றின் வரி செலுத்துவோரை என்று விளக்குகிறார்கள். மனத்தைத் தொடும் விளக்கம்தான். ஆனால் அந்தப் பொதுமக்கள் அறையில் இல்லை, தீர்ப்பினால் அவர்கள் கைக்கு ஒரு ஷில்லிங்கும் வரவில்லை. ஊழல் இங்கே ஒரு கேடயமாகத்தான் பயன்பட்டது. 2013இல் மெட்டல்-டெக் நிறுவனத்துக்கும் உஸ்பெகிஸ்தானுக்கும் இடையிலான வழக்கிலும் இதே முடிவு: பிரதமரின் சகோதரர் உள்ளிட்ட 'ஆலோசகர்களுக்கு' ஏறத்தாழ 40 லட்சம் டாலர் கொடுத்ததற்கு நியாயமான விளக்கம் இல்லாததால் வழக்கு தள்ளப்பட்டது, அரசும் அந்தக் குற்றத்தின் மறுபாதி என்பதால் செலவை அவரவரே ஏற்கும்படி சொல்லப்பட்டது.

இந்த முட்டுச்சந்திலிருந்து வெளியேற முயன்ற ஒரு தீர்ப்பாயம் உண்டு. இந்தியாவின் ஸ்பென்டெக்ஸ் ஜவுளி நிறுவனத்தின் நெதர்லாந்துக் கிளை உஸ்பெகிஸ்தானுக்கு எதிராகத் தொடுத்த வழக்கில் 2016 டிசம்பரில் வந்த தீர்ப்பு அது. முழு வாசகம் வெளியிடப்படவில்லை. வெளிவந்த விவரங்களின்படி, ஊழலைக் காரணம் காட்டி வழக்கைத் தள்ளிய நடுவர்கள், ஐக்கிய நாடுகளின் ஊழல் எதிர்ப்புப் பணிக்கு 80 லட்சம் டாலர் நன்கொடை வழங்குமாறு உஸ்பெகிஸ்தானை வலியுறுத்தினார்கள். வழங்காவிட்டால் வழக்குச் செலவு அதன் தலையில் விழும். லஞ்சம் வாங்கிய தரப்பு முழு வெற்றியோடு வீடு திரும்பக் கூடாது என்ற எண்ணம் அதில் தெரிகிறது. ஆனால் அங்கும் பணம் போகும் இடம் ஐ.நா. திட்டம். பருத்தி ஆலைகளை நம்பிப் பிழைத்த ஊர்கள் அந்தக் கணக்கில் இல்லை.

மூடிய அறை என்பது இன்னொரு தொல்லை. பிராசஸ் அண்டு இண்டஸ்ட்ரியல் டெவலப்மென்ட்ஸ் என்ற நிறுவனம் 2010 ஜனவரியில் நைஜீரியாவோடு 20 ஆண்டு எரிவாயு ஒப்பந்தம் செய்தது. ஆலை கட்டப்படவே இல்லை. இருந்தும், 2017 ஜனவரி 31 அன்று லண்டனில் ஒரு நடுவர் தீர்ப்பாயம் அந்த நிறுவனத்துக்கு நைஜீரியா 660 கோடி டாலர் தர வேண்டும் என்றது. வட்டியோடு அது 1,100 கோடியைத் தாண்டியது. எரிவாயுத் தீப்பந்தங்கள் இரவு பகலாக எரியும் நாட்டில், கட்டப்படாத ஓர் ஆலைக்காக மக்கள் சுமக்க வேண்டிய கடன். 2023 அக்டோபரில்தான் இங்கிலாந்து நீதிபதி ராபின் நோல்ஸ் அதைச் செல்லாது என்று அறிவித்தார்: பெட்ரோலிய அமைச்சகத்தின் சட்ட இயக்குநருக்கு லஞ்சம் போயிருக்கிறது, நடுவர் விசாரணை நடந்த காலத்திலும் போயிருக்கிறது, நைஜீரியாவின் இரகசியச் சட்ட ஆவணங்கள் எதிர்த்தரப்பின் கைக்குச் சேர்ந்திருக்கின்றன, சாட்சியம் பொய். அந்த நடுவர் விசாரணை உண்மையின் அருகில்கூடப் போகாத வெறும் கூடு என்பது அவருடைய மதிப்பீடு. இவ்வளவு பெரிய தொகை பற்றிய விசாரணை பத்திரிகைக்கும் மக்களுக்கும் தெரியாமல் நடந்து முடிந்ததும் அவரைக் கவலைப்படுத்தியது. அறை திறந்திருந்தால் யாராவது ஒரு நைஜீரியச் செய்தியாளர் 'ஆலை எங்கே?' என்று கேட்டிருப்பார் என்றே நான் நினைக்கிறேன்.

ஆக, சமூகங்களுக்குச் சட்டத்தில் என்னதான் இருக்கிறது? 2003ஆம் ஆண்டின் ஐ.நா. ஊழல் எதிர்ப்பு உடன்படிக்கையின் பிரிவு 35, ஊழலால் இழப்புக்கு உள்ளானவர்கள் அதற்குப் பொறுப்பானவர்கள் மீது இழப்பீட்டு வழக்குத் தொடுக்கும் உரிமையை ஒவ்வொரு நாடும் உறுதி செய்ய வேண்டும் என்கிறது. உரிமை இருக்கிறது, எந்த மன்றத்தில் என்பதை அந்தந்த நாட்டுச் சட்டத்துக்கு விட்டுவிடுகிறது. இக்சிட்டின் விதிகள் 2006 முதல், வழக்கில் தரப்பாக இல்லாதவர்களும் நடுவர்களின் அனுமதியோடு எழுத்து வடிவில் கருத்துச் சொல்ல இடம் தருகின்றன. தங்கள் நிலத்தில் என்ன நடந்தது என்று ஊர்க்காரர்கள் சில பக்கங்கள் எழுதிக் கொடுக்கலாம். சாட்சியைக் குறுக்குவிசாரணை செய்ய முடியாது, ஆவணம் கேட்க முடியாது, இழப்பீடு கேட்கவே முடியாது.

இசைவு என்ற சுவரை உடைக்க முடியாது என்று சொல்பவர்களுக்கு ஒரு விஷயத்தை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. அது ஏற்கெனவே ஒருமுறை உடைக்கப்பட்டுவிட்டது. உடைந்த இடம் மட்டக்களப்பு. 1987 ஜனவரி 28 அன்று அங்கே விசேட அதிரடிப்படை நடத்திய நடவடிக்கையில் செரெண்டிப் சீஃபுட்ஸ் என்ற இறால் பண்ணை அழிந்தது. பண்ணையின் ஊழியர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அந்தப் பண்ணையில் பங்கு வைத்திருந்த ஹாங்காங் நிறுவனத்துக்கும் இலங்கை அரசுக்கும் இடையே எந்த ஒப்பந்தமும் இல்லை. பிரிட்டனும் இலங்கையும் செய்துகொண்ட முதலீட்டு உடன்படிக்கையில், வரப்போகும் எந்த முதலீட்டாளருக்கும் பொருந்தும்படி இலங்கை முன்கூட்டியே தந்திருந்த பொது இசைவைப் பிடித்துக்கொண்டு அந்நிறுவனம் இக்சிட்டுக்குப் போனது. அப்படிப் போன முதல் வழக்கு அதுதான். 1990 ஜூனில் 4,60,000 டாலரும் வட்டியும் தீர்ப்பானது. அதே பண்ணையில், அதே நாளில் உயிரிழந்தவர்களின் குடும்பங்களுக்கு அந்த வாசல் திறக்கவில்லை. அது ஊழல் வழக்கு அல்ல. ஆனால் முன்பின் தெரியாதவர்களுக்கும் சேர்த்து முன்கூட்டியே இசைவு தரலாம் என்ற யோசனை அந்த வழக்கோடுதான் நடைமுறைக்கு வந்தது. 1995இல் இதைப் பற்றி, நேரடி ஒப்பந்த உறவே இல்லாத நடுவர் தீர்ப்பு என்று கோட்பாடாக்கி எழுதியவர் ஜான் போல்சன். பின்னாளில் நைகோ தீர்ப்பாயத்தில் அமர்ந்த மூவரில் ஒருவர். முதலீட்டாளருக்காக நீண்ட அந்த யோசனை கிராமம்வரை நீளவில்லை, அவ்வளவுதான்.

நீட்டினால் என்ன ஆகும் என்பதற்கும் வங்கதேசமே சாட்சி. 2013 ஏப்ரல் 24 அன்று சாவார் நகரில் ஆடை ஆலைகள் இயங்கிய ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,134 பேர் இறந்தார்கள். உரிய அதிகாரமில்லாத நகராட்சியிடம் பெற்ற அனுமதி, அந்த அனுமதியையும் தாண்டி எழுப்பிய மாடிகள் என, அதுவும் காகித ஊழலில் எழும்பிய கட்டடம். அடுத்த சில வாரங்களில் ஆடை நிறுவனங்களும் தொழிற்சங்கங்களும் கையெழுத்திட்ட பாதுகாப்பு உடன்பாட்டில் ஒரு நடுவர் தீர்ப்புப் பிரிவு சேர்க்கப்பட்டது. இருநூறுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் அதில் கட்டுப்பட்டன. தொழிலாளர்களின் சார்பில் இரு உலகத் தொழிற்சங்கக் கூட்டமைப்புகள் 2016இல் ஹேகின் நிரந்தர நடுவர் மன்றத்தில் இரண்டு வழக்குகளைத் தொடுத்தன. இரண்டும் சமரசத்தில் முடிந்தன. அவற்றில் ஒன்றில் மட்டும் 23 லட்சம் டாலர் தர ஒப்புக்கொள்ளப்பட்டது, அதில் 20 லட்சம் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட ஆலைகளைப் பாதுகாப்பானவையாகச் சீரமைப்பதற்கு. பணம் நேராக ஆலைக்குப் போனது. நடுவில் எந்த அரசின் கருவூலமும் இல்லை. குறையும் உண்டு: வழக்கில் சிக்கிய நிறுவனங்களின் பெயரை வெளியிடக் கூடாது என்பது நிபந்தனை.

அந்த அனுபவத்தின் நீட்சியாக, சர்வதேச நீதிமன்றத்தின் முன்னாள் நீதிபதி புரூனோ சிம்மா தலைமையிலான குழு தயாரித்த வணிகம், மனித உரிமைகள் பற்றிய ஹேக் நடுவர் விதிகள் 2019 டிசம்பரில் வெளியாயின. விசாரணையும் தீர்ப்பும் வெளிப்படையாக இருப்பது, சாட்சிகளைக் காப்பது, பலர் சேர்ந்து வழக்காடுவது, ஏழைத் தரப்பு செலவில் மூழ்காமல் பார்த்துக்கொள்வது ஆகியவற்றுக்கு அவற்றில் வழி இருக்கிறது. ஒப்பந்தங்களில் சேர்த்துக்கொள்ள மாதிரிப் பிரிவுகளும் உண்டு. நாளை ஒரு எரிவாயு ஒப்பந்தத்தில், கிணறு தோண்டும் ஊரின் மக்களுக்கும் நடுவரிடம் போக உரிமை உண்டு என்று ஒரு பத்தி சேர்த்தால் போதும். சட்ட நுணுக்கம் எதுவும் தடையாக இராது. லஞ்சம் கொடுத்து ஒப்பந்தம் பெற நினைக்கும் நிறுவனமோ, அதை வாங்கத் தயாராக இருக்கும் அதிகாரியோ அந்தப் பத்தியைத் தாமாகச் சேர்ப்பார்களா என்பதுதான் பிரச்சினை. கடன் தரும் வங்கி கேட்கலாம். பொருளை வாங்கும் பெருநிறுவனம் கேட்கலாம். ராணா பிளாசாவுக்குப் பிறகு உலகின் கோபம் கேட்டது.

கேட்பதற்கு இன்னொரு தருணமும் உண்டு. குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனையைப் பேசி முடிக்கும் நாளில், நிறுவனம் எதற்கும் கையெழுத்திடும் மனநிலையில் இருக்கும். 2011இல் கால்கரியில் நைகோ மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்புக்கு ஒப்புக்கொண்டது: நீதிமன்றத்தின் மேற்பார்வை, லஞ்சத் தடுப்புக்கான உள்ஒழுங்குகள், அவை சரியாக நடக்கின்றனவா என்று பார்க்க வெளித் தணிக்கையாளர்கள், தணிக்கைச் செலவு நிறுவனத்துடையது. அந்த நிபந்தனைகளில் டெங்ராடிலா பற்றி ஒரு வரி இல்லை. அப்போது முதல் வெடிப்பு நடந்து ஆறரை ஆண்டுகள் ஆகியிருந்தன. இக்சிட் வழக்கு தொடங்கி ஓர் ஆண்டு.